பைக்குள் ஒரு துப்பாக்கி

1965 மார்ச் 19. சோவியத் நாட்டின் பெர்ம் பகுதியில், யூரல் மலைத்தொடரை ஒட்டிய அடர்காட்டுக்குள் ஓர் உலோகக் கூண்டு பாராசூட்டில் வந்து இறங்கியது. உள்ளே இருந்தவர்கள் பாவெல் பெல்யாயெவ், அலெக்சி லியோனோவ். முந்தைய நாள்தான் லியோனோவ் வொஸ்கோத் 2 விண்கலத்தை விட்டு வெளியே வந்து சுமார் 12 நிமிடம் வெட்டவெளியில் மிதந்திருந்தார். மனிதர் ஒருவர் அப்படி மிதந்தது அதுவே முதல் முறை. பூமிக்குத் திரும்பும் வேளையில் தானியங்கிக் கருவி கைவிட்டுவிட்டது. இருவரும் தாங்களாகவே கலத்தைத் திருப்பி, எந்திரத்தை இயக்கி, இறங்க வேண்டிய இடத்துக்கு 380 கிலோமீட்டருக்கும் அப்பால் வந்து விழுந்தார்கள்.

சுற்றிலும் ஆளை விழுங்கும் பனி. கதவு வெடித்துத் திறந்துகொண்டதால் கூண்டுக்குள்ளும் குளிர் புகுந்தது. விண்வெளியில் பட்ட பாட்டில் லியோனோவின் உடைக்குள் வியர்வை தேங்கி, காலணிகளில் தண்ணீராய் நின்றது. அந்த ஈரம் உறைந்தால் உயிர் போகும். இருவரும் உடைகளைக் கழற்றி, உள்ளாடைகளைப் பிழிந்து, மறுபடி போட்டுக்கொண்டார்கள். வசந்தம் தொடங்கும் காலம் என்பதால் கரடியும் ஓநாயும் நடமாடும் காடு அது. அவர்களுடைய உயிர்காப்புப் பையில் ஒரு கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் இருந்தன.

அந்தக் காட்டில் அவர்கள் இரண்டு இரவுகளைக் கழித்தார்கள். எந்த விலங்கும் அவர்களைத் தாக்கவில்லை. அவர்களைப் பிழைக்க வைத்தவை வேறு. வானொலிச் சமிக்ஞையைப் பின்தொடர்ந்து ஹெலிகாப்டர்கள் தேடி வந்தன. மேலிருந்து குளிருடைகளையும் ஒரு கோடரியையும் போட்டார்கள். அடுத்த நாள் பனிச்சறுக்குக் கட்டைகளில் மீட்புக் குழுவினர் வந்து சேர்ந்து, மரம் வெட்டிச் சிறு குடில் போட்டுப் பெரிய நெருப்பு மூட்டினார்கள். அதற்கடுத்த நாள் அவர்களோடு சறுக்கிச் சென்று, வெட்டித் துப்புரவாக்கிய திடலில் காத்திருந்த ஹெலிகாப்டரில் ஏறினார்கள்.

இந்த அனுபவத்திலிருந்து லியோனோவ் எடுத்துக்கொண்ட பாடம், துப்பாக்கி வேண்டாம் என்பதல்ல. கரடி எதிரே வந்தால் அந்தக் கைத்துப்பாக்கி போதாது, அதைவிட வலுவான ஒன்று வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். அந்தக் குளிரில் கிடந்தவர் அவர். அவர் பேச்சைத் தள்ளிவிட நமக்கு உரிமையில்லை. அதன் விளைவாகத் துலா நகரத்து ஆயுதத் தொழிற்சாலையில் பிறந்தது டிபி-82. மேலே ரவை சுடும் இரண்டு குழல்கள், கீழே தோட்டா சுடும் ஒரு குழல். பறவைக்கு ஒன்று, பெரிய விலங்குக்கு ஒன்று. வானில் வெளிச்சம் காட்டும் சிக்னல் தோட்டாவையும் அதிலேயே போட்டுச் சுடலாம். பின்கட்டையைக் கழற்றினால் அது ஒரு வெட்டுக்கத்தி. எல்லாம் சேர்ந்து இரண்டரைக் கிலோவுக்கும் குறைவு. 1986 முதல் சோயுஸ் கலங்களின் உயிர்காப்புப் பையில் அது இடம்பெற்றது. ரஷ்யர்களோடு பறந்த அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும்கூட அதைச் சுடக் கற்றுக்கொண்டார்கள்.

உயிர்காப்புப் பையில் இடம் குறைவு. ஒன்றை வைத்தால் இன்னொன்றை எடுக்க வேண்டும். ஆகவே, பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால், அதைக் கட்டியவர் எதற்கு அஞ்சினார், யாரை நம்பினார் என்பது தெரிந்துவிடும். துப்பாக்கி அந்தப் பைக்குள் வந்ததும் போனதும் ஒன்றரை நூற்றாண்டுக் கதை. இரண்டு கேள்விகள்தான் அந்தக் கதையை நடத்துகின்றன: என்னைத் தேடி ஆள் வர எத்தனை நாள் ஆகும்? வருகிறவர் யார்?

தேடி வர ஆளே இல்லாத காலத்தில் இருந்து தொடங்குவோம். நார்வேயின் ஃபிரித்யோஃப் நான்சனும் யால்மர் யோஹான்சனும் 1895 மார்ச்சில் ஃப்ராம் என்ற கப்பலை விட்டிறங்கி வடதுருவம் நோக்கிப் புறப்பட்டார்கள். 86 பாகையைத் தாண்டிய பிறகு திரும்பினார்கள். கப்பல் பனியோடு நகர்ந்துகொண்டிருந்ததால் அதற்குத் திரும்பும் வழியில்லை. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று உலகில் ஒருவருக்கும் தெரியாது. பிரான்ஸ் ஜோசஃப் தீவுகளில் கல்லை அடுக்கி, வால்ரஸ் என்ற கடல்விலங்கின் தோலைக் கூரையாக்கி, அந்தக் குழிவீட்டில் பனிக்காலம் முழுவதையும் ஓட்டினார்கள். தின்றது கரடிக் கறி, எரித்தது வால்ரஸ் கொழுப்பு. இரண்டு துப்பாக்கிகள் இல்லாதிருந்தால் அந்த வீடும் இல்லை, சாப்பாடும் இல்லை, அவர்களும் இல்லை.

1896 ஜூனில் ஒரு நாள், கரையில் கட்டியிருந்த தோல் படகுகள் கயிறு அவிழ்ந்து மிதந்து போயின. உணவு, துப்பாக்கி, தோட்டா எல்லாம் அவற்றில்தான். நான்சன் உறைநீரில் குதித்து நீந்திப் பிடித்தார். உடல் விறைத்துக் கிடந்த நிலையிலும், படகைத் திருப்பிக்கொண்டு வரும் வழியில் இரண்டு கடற்பறவைகளைச் சுட்டு எடுத்துக்கொண்டார். யோஹான்சன் ஒரு கணம் அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டதோ என்று நினைத்தார். நான்சனுக்கோ அது அன்றைய இரவுச் சாப்பாடு. ஓராண்டுக்கு மேல் காத்திருந்தாலும் ஆள் வராத இடத்தில் துப்பாக்கி என்பது அரிவாள்மணையும் அடுப்பும் போன்ற வீட்டுச் சாமான். அங்கே அதை வைக்கலாமா என்று கேட்பதற்கே இடமில்லை.

விமானம் வந்தபோது அந்தக் காத்திருப்பு மாதக் கணக்கிலிருந்து நாள் கணக்காகச் சுருங்கியது. ஆயினும் பழைய எண்ணம் உடனே மாறிவிடவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானப்படை, வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தின் மீது பறக்கும் தன் வீரர்களுக்காக எம்30 என்ற மூன்று குழல் வேட்டைத் துப்பாக்கியை அலுமினியப் பெட்டியில் வைத்துக் கொடுத்தது. பணக்கார வேட்டைக்காரர் வாங்கும் வேலைப்பாடு அதில் இருந்தது. 1950-களில் அமெரிக்க விமானப்படை எம்6 என்ற மடக்குத் துப்பாக்கியைச் செய்தது. விசைக்குப் பதில் ஒரு நீளப் பட்டை. தடித்த கையுறை போட்ட விரலும் அழுத்த வேண்டும் என்பதற்காக. வடதுருவத்தின் மீது பறந்து விழுகிறவன் முயலையும் பறவையையும் சுட்டுத் தின்றபடி காத்திருப்பான் என்பது கணக்கு.

அதே விமானப்படை 2018 அளவில் விமானிகளின் இருக்கைக்கடியில் வைத்த ஆயுதம், பிரித்து மடித்து வைக்கக்கூடிய ஒரு போர்த் துப்பாக்கி. முயலுக்காக அல்ல, எதிரிக்காக. அரை நூற்றாண்டுக்கும் மேலான காலத்தில், பையை வைத்தவரின் அச்சம் பசியிலிருந்து மனிதனுக்கு மாறிவிட்டது. போருக்குப் போகிற விமானிக்கு அது நியாயமாக இருக்கலாம். போரே இல்லாத இடத்தில் வழி தவறியவனும் அதே அச்சத்தைப் பையில் கட்டிக்கொள்ளும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது.

அந்த ஆபத்தை ஆஸ்திரேலியாவின் நடுநிலம் 1861-இலேயே காட்டிவிட்டது. ராபர்ட் ஓஹாரா பர்க், வில்லியம் வில்ஸ், ஜான் கிங் மூவரும் கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்கே கடந்துவிட்டு, ஏப்ரல் 21 அன்று கூப்பர் ஓடைக்கரை முகாமுக்குத் தள்ளாடி வந்து சேர்ந்தார்கள். நான்கு மாதம் காத்திருந்த துணைக்குழு அன்று காலையில்தான் கிளம்பிப் போயிருந்தது. கையில் கொஞ்சம் உணவு, துப்பாக்கிகள், சோர்ந்த உடல். ஆனால் அந்த ஓடைக்கரை ஆளில்லாத இடமல்ல. அது யாண்ட்ருவாந்தா மக்களின் ஊர். அவர்கள் மீன் கொடுத்தார்கள். நார்டு என்ற நீர்ப் பெரணியின் வித்திக்கூடுகளை அரைத்துச் செய்த அடையைக் கொடுத்தார்கள். நார்டுவை எப்படிப் பக்குவம் செய்ய வேண்டும் என்பது அவர்களுக்குத் தலைமுறை அறிவு. பக்குவம் தெரியாமல் தின்றால் அது உடலின் வைட்டமின் பி1-ஐ அழித்து ஆளை நலிய வைக்கும் என்று பிற்கால ஆய்வாளர்கள் விளக்கியிருக்கிறார்கள்.

ஒரு நாள் அந்த மக்களில் ஒருவர் ஒரு மெழுகுத் துணியை எடுத்துக்கொள்ளப் பார்த்தார் என்பதற்காகப் பர்க் துப்பாக்கியை வெடித்தார். அந்த மக்கள் விலகிப் போனார்கள். அவர்களோடு மீனும் போயிற்று, நார்டுவின் பக்குவமும் போயிற்று. சில வாரங்களில் வில்ஸ் இறந்தார். பர்க் இறந்தார், தான் கேட்டுக்கொண்டபடி கையில் கைத்துப்பாக்கியோடு. மீந்தவர் கிங் ஒருவரே. அவரிடமும் ஒரு துப்பாக்கி இருந்தது. அதைக் கொண்டு காக்கைகளைச் சுட்டு, அந்த மக்களுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். அவர்கள் சமைத்ததை அவருக்கும் பகிர்ந்தார்கள். தங்களுக்குள் ஒருவராய் அவரை வைத்துக்கொண்டார்கள். செப்டம்பரில் ஆல்ஃப்ரெட் ஹோவிட்டின் தேடுதல் குழு வந்தபோது, அவர்களோடு இருந்த கிங்கை உயிரோடு கண்டது.

ஒரே ஓடைக்கரை, ஒரே வகை ஆயுதம், இரண்டு முடிவுகள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றே: பர்க்கின் பையில் இல்லாத பொருள் எதுவும் கிங்கின் பையில் இல்லை. எதிரே நிற்பவரைப் பற்றிய எண்ணம்தான் வேறு. கையில் துப்பாக்கி இருந்தால் அந்த எண்ணத்தைத் திருத்திக்கொள்ளும் பொறுமை குறைகிறது. அதைச் சுமப்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் எடை அது.

இதே பாடத்தை ஒரு நவீன நகரமும் படித்தது. 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தது. கொள்ளைக் கும்பல்கள் சுட்டுத் திரிகின்றன என்ற செய்திகள் வெள்ளத்தைவிட வேகமாகப் பரவின. அவற்றில் பெரும்பகுதி மிகைப்படுத்தப்பட்டவை என்று பின்னால் தெரிந்தது. அதற்குள் செப்டம்பர் 4 அன்று டான்சிகர் பாலத்தில் காவல்துறையினர், நிராயுதபாணிகளாக நடந்து வந்த மக்கள் மீது சுட்டு, இருவரைக் கொன்றார்கள், நால்வரைக் காயப்படுத்தினார்கள். இறந்தவர்களில் ஒருவர் 17 வயதுச் சிறுவன். அதே நகரத்தில், சொந்தப் படகுகளை எடுத்துக்கொண்டு வந்த சாதாரண மக்கள் மொட்டைமாடிகளிலிருந்து ஆயிரக்கணக்கானோரை இறக்கிக் காப்பாற்றினார்கள். பேரிடரில் அந்நியன் என்பவன் பெரும்பாலும் படகோடு வருகிறவன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை கண்டதும் அதுதானே? தெருக்களில் தண்ணீர் ஏறியபோது வள்ளங்களோடு வந்தவர்கள் மீனவர்கள்.

அமெரிக்க அரசு தன் குடிமக்களுக்குப் பரிந்துரைக்கும் அவசரகாலப் பையின் பட்டியலில் தண்ணீர், உணவு, ரேடியோ, டார்ச், முதலுதவி மருந்து, ஊர்ப்படம் ஆகியவை இருக்கின்றன. உதவிக்கு அழைக்க ஒரு விசிலும் இருக்கிறது. துப்பாக்கி இல்லை. துப்பாக்கி வைத்திருப்பதை அரசியல் சட்ட உரிமையாகக் கருதும் நாட்டின் பட்டியல் அது.

விண்வெளிக்கே திரும்புவோம். அமெரிக்கர்கள் மெர்க்குரி, அப்போலோ காலங்களில் கடலில் இறங்கினார்கள். அவர்கள் பையில் கடல்நீரைக் குடிநீராக்கும் பொருள், நீரைச் சாயமேற்றி இடம் காட்டும் பொடி, சமிக்ஞைக் கண்ணாடி, கத்தி ஆகியவை இருந்தன. மெர்க்குரி பையில் சுறாவை விரட்டும் மருந்தும் இருந்தது. கடற்படைக் கப்பல்கள் சுற்றிலும் காத்திருந்ததால் துப்பாக்கிக்கு வேலையில்லை. ரஷ்யர்களுக்கோ காடும் மலையும் புல்வெளியும். அவர்களுக்கு நேர்ந்த விபத்துகளை வரிசையாகப் பார்த்தால் ஒரு செய்தி தெளிகிறது.

1975 ஏப்ரல் 5 அன்று ராக்கெட் பழுதாகி, லாசரெவும் மகரோவும் அல்தாய் மலையின் பனிச்சரிவில் விழுந்தார்கள். கூண்டு உருண்டு பள்ளத்தில் விழாமல் பாராசூட் சிக்கித் தடுத்தது. சீன எல்லைக்குள் விழுந்துவிட்டோமோ என்ற பயத்தில் இரகசியத் தாள்களை எரித்தார்கள். 1976 அக்டோபரில் சுதோவும் ரொஷ்தெஸ்த்வென்ஸ்கியும் பாதி உறைந்த தெங்கிஸ் ஏரிக்குள் நள்ளிரவில் விழுந்தார்கள். மறுநாள் ஹெலிகாப்டர் கூண்டைக் கரைக்கு இழுத்துச் செல்லும் வரை குளிரும் மூச்சுத்திணறலும்தான் எதிரிகள். 2003 மே மாதம் சோயுஸ் டிஎம்ஏ-1 இலக்கிலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல் விலகிக் கஜகஸ்தான் புல்வெளியில் இறங்கியது. மணிக்கணக்கில் அதில் இருந்தவர்களோடு தொடர்பே கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு சோயுஸுக்குள் புதிதாக ஏறியது செயற்கைக்கோள் தொலைபேசி. 2008 ஏப்ரலில் டிஎம்ஏ-11 கலமும் அதேபோல் வெகுதூரம் விலகி விழுந்து, புல் பற்றி எரிந்தது. அந்தக் கூண்டருகே முதலில் வந்து கைகொடுத்தவர்கள் அந்தப் புல்வெளியில் வாழும் கஜக் மக்கள்.

ஒவ்வொரு விபத்திலும் கொல்லப் பார்த்தது குளிர், நீர், தொடர்பின்மை. காப்பாற்றியது நெருப்பு, சமிக்ஞை, மனிதர். டிபி-82 இருபது ஆண்டு விண்வெளிக்குப் போய்வந்தது. அதன் தோட்டாக்கள் காலாவதியாகிவிட்டதால் 2007-இல் அது விடைபெற்று, சாதாரணக் கைத்துப்பாக்கி அதன் இடத்துக்கு வந்தது. பிறகு அதுவும் பட்டியலில் பெயராக மட்டும் இருந்து, ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் கூடிப் பேசி விலக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. எனக்கு அந்த முறை பிடித்திருக்கிறது. என்றென்றைக்கும் வேண்டும் என்றோ கூடவே கூடாது என்றோ முடிவு கட்டாமல், இந்தப் பயணத்துக்கு வேண்டுமா என்று ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து கேட்பது பொறுப்புள்ளவர் செய்கிற வேலை.

வேண்டும் என்று பதில் வரும் இடங்கள் இன்றும் உண்டு. பனிக்கரடிகள் உலவும் ஸ்வால்பார்ட் தீவுகளில், குடியிருப்பை விட்டு வெளியே போகிறவர் கரடியை விரட்டும் சாதனம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். துப்பாக்கியும் எடுத்துச் செல்லச் சொல்கிறார்கள். அங்கேயும் சிக்னல் துப்பாக்கியால் மிரட்டி விரட்டுவதுதான் முதல் வழி; தோட்டா கடைசி வழி. அலாஸ்காவில் டாம் ஸ்மித்தும் சக ஆய்வாளர்களும் பல்லாண்டு நிகழ்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மிளகாயின் காரச்சத்து நிறைந்த தெளிப்பான், பழுப்புக் கரடிகளை 92 விழுக்காடு நேரங்களில் தடுத்து நிறுத்தியிருந்தது. துப்பாக்கி வைத்திருந்தவர்களோ, அதைப் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் காயப்பட்டிருந்தார்கள். பாய்ந்து வரும் கரடி நமக்குக் கொடுப்பது சில நொடிகள். அதற்குள் எடுத்து, குறிபார்த்து, நடுங்காமல் சுட ஆண்டுக்கணக்கில் பழக வேண்டும். பழகாதவர் பையில் துப்பாக்கி வெறும் பாரம்.

இந்தக் கேள்வி இனி நமக்கும் அருகில் வருகிறது. மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் இந்தியாவின் ககன்யான் திட்டத்துக்குத் தேர்வான நால்வர், சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன் உட்பட, 2020-இல் ரஷ்யாவில் பயிற்சி பெற்றார்கள். குளிர்காலத்தில் காட்டிலும் சதுப்பிலும், பிறகு நீரிலும், கோடையில் புல்வெளியிலும் கலம் தவறி இறங்கினால் எப்படிப் பிழைப்பது என்று கற்றார்கள். லியோனோவ் கிடந்த அதே வகைப் பனியில் நம் வீரர்களும் பிழைக்கப் பழகியிருக்கிறார்கள். ககன்யான் கடலில் இறங்கும்படி வகுக்கப்பட்டது. அதன் பையைக் கட்டுகிறவர்கள் ரஷ்யப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்கள், கூடாது.

ஆகவே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஆள் வர மாதக்கணக்காகும் இடத்துக்கும், கரடியின் நிலத்துக்கும் போகிறவர், பழகிய கையோடு துப்பாக்கி எடுத்துப் போகட்டும். அதற்கும் முன்னால் பைக்குள் போக வேண்டியவை நெருப்பு, குளிருக்கு உடை, குடிக்க நீர், கூப்பிட ஒரு குரல். மனிதர் வாழும் இடத்துக்குப் போகிறவரின் பையில் துப்பாக்கிக்கு இடமில்லை. அங்கே அது, நம்மைக் காப்பாற்ற வருகிறவரை நோக்கியே நீளும். அந்த இடத்தில் ஒரு விசிலை வையுங்கள். கூப்பர் ஓடைக்கரையில் உயிரோடு மீண்டவர், அங்கிருந்த மக்களோடு உணவைப் பகிர்ந்துகொண்ட ஒருவர் மட்டுமே.